ஒரு கட்டச் சிப்பாய்

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள், நான் இணையத்தில் செஸ் ஆடும் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பனி. டொராண்டோவில் அந்த மாதங்களில் வீட்டுக்குள் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. எட்டு வருடங்களில் 11,000 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கிறேன் என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பெரும்பாலும் மூன்று நிமிட ஆட்டங்கள். பெரும்பாலும் இரவு பத்தரைக்கு மேல், அதாவது சென்னையில் காலைக் காப்பி நேரம் கழிந்து கொஞ்சம் பொறுத்து.

அந்தப் பக்கம் ஒரு மனிதனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் மூன்றாவதை அவசரமாக ஆடித் தோற்பேன். ராணியை ராணியால் வெட்டிக்கொள்ளத் தயங்குவேன். தோல்வி உறுதியான பிறகும் கையைத் தூக்காமல், எதிராளியின் கடிகாரம் தீரட்டும் என்று ராஜாவை இழுத்துக்கொண்டு அலைவேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளையோ கறுப்போ, எதிராளி எதை நகர்த்தினாலும் சரி, ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, அந்தச் சந்தில் மந்திரியைக் கொண்டுபோய் உட்காரவைப்பேன். பத்து ஆட்டத்தில் ஒன்பது அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

"அப்பா, நீங்க யோசிச்சு ஆடுறீங்களா, இல்ல கை தானாப் போகுதா?" என்று கேட்டாள்.

கை தானாகத்தான் போகிறது என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அந்தப் பதில் எனக்கே சரியாகப் படவில்லை. கை தானாகப் போவதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். யாரோ, எப்போதோ, யோசித்துத்தானே அந்தக் கை பழகியிருக்கும்?

என் விஷயத்தில் அந்த யாரோ ஒருவர் என் அப்பா. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், மாலை வேளைகளில் திண்ணையில் பலகையை விரித்து அவர் ஆடியது இன்று உலகம் ஆடும் செஸ் அல்ல. அது நாட்டு ஆட்டம். காய்கள் அதே காய்கள்தான், கட்டங்களும் 64தான். ஆனால் சிப்பாய் முதல் நகர்வில்கூட ஒரு கட்டம் மட்டுமே போகும். ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்திக் கோட்டை கட்டும் வழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக, அதுவரை ஷா வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் நாம் கேட்டதாக மாறாது. எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். இந்த விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் சிப்பாய் ஒரு கட்டம் என்பது இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளுக்குப் பொது.

இந்த ஒரு விதி ஆட்டத்தின் நடையையே மாற்றிவிடும். ஐரோப்பிய ஆட்டத்தில் முதல் நகர்விலேயே நடுச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து எதிரியின் முகத்துக்கு நேரே நின்றுவிடுகிறது. நாட்டு ஆட்டத்தில் அந்த இடத்தை அடைய இரண்டு நகர்வுகள் வேண்டும். இரண்டு படைகளும் தொட்டுக்கொள்வதற்குள் நிறைய நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நடுவில் முட்டிமோதுவதைவிட, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, மந்திரியை நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தி, அங்கிருந்தே நடுவைப் பார்த்துக்கொண்டிருப்பது இயல்பான ஏற்பாடு. ஐரோப்பியர்கள் இதற்கு ஃபியான்கெட்டோ என்ற இத்தாலியச் சொல்லை வைத்திருக்கிறார்கள். என் அப்பா எந்தச் சொல்லையும் வைத்திருக்கவில்லை. "மந்திரியை மூலையில வை தம்பி, பொறுமையா இரு" என்பார், அவ்வளவுதான்.

செஸ் வரலாற்றில் இந்த மூலை மந்திரிக்கு ஒரு முக்கியமான முன்னோடி உண்டு. அவரும் ஒரு கிராமத்துக்காரர், அவரும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. வங்காளத்தைச் சேர்ந்த மகேஷ் சந்திர பானர்ஜி. ஆங்கிலப் பதிவுகளில் மொஹிஷுந்தர், மொஹேஸ்சுந்தர், பானர்ஜி, போனர்ஜி என்று பலவிதமாகச் சிதைந்து கிடக்கும் பெயர். இன்று ஆட்டங்களைச் சேகரித்து வைத்திருக்கும் கணினித் தொகுப்புகளிலும் அந்தச் சிதைந்த வடிவில்தான் அவரைத் தேட வேண்டும்.

அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான செய்தி 1850இல் லண்டனில் வெளிவந்த ஒரு செஸ் பத்திரிகையில் இருக்கிறது. அதை நடத்தியவர் அக்காலத்தில் உலகின் வலிமையான ஆட்டக்காரராகக் கருதப்பட்ட ஹோவர்ட் ஸ்டாண்டன். கல்கத்தா செஸ் சங்கத்து உறுப்பினர் ஒருவர் அதில் எழுதுகிறார்: உள்நாட்டுப் பகுதி ஒன்றில், யாரிடமும் தோற்றதே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு பிராமணர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சங்கத்து உறுப்பினர் ஒருவர் அவரைத் தேடிப் போய் ஆடி வென்றார். பிறகு ஜான் காக்ரேனும் அங்கே போய் அவரோடு ஆடினார். அவரது திறமையைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்தார். கல்கத்தாவில் காக்ரேனுக்கு ஈடு கொடுக்கக்கூடியவர் இவர் ஒருவர்தான் என்கிறது அந்தக் கடிதம்.

காக்ரேன் சாதாரண ஆள் அல்ல. 1798இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், வழக்கறிஞர். 1822இலேயே செஸ் பற்றி நூல் எழுதியவர். 1840களின் தொடக்கத்தில் லண்டனில் விடுமுறையைக் கழித்தபோது ஸ்டாண்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர். காயைப் பலிகொடுத்துத் தாக்குவதில் அவருக்குத் தீராத ஆசை. குதிரையைக் கொடுத்து எதிரி ராஜாவை வெளியே இழுக்கும் ஒரு தொடக்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தத் தொடக்கத்தை அவர் ஆடியதாக நமக்குக் கிடைக்கும் ஆட்டம் 1848இல் நடந்தது. எதிரே இருந்தவர் மகேஷ் சந்திரர்தான். காக்ரேனின் பெயர் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அதைத் தாங்கி நின்றவரின் பெயர் ஒட்டவில்லை.

1855ஆம் ஆண்டு மே மாதம் இருவரும் ஆடிய ஓர் ஆட்டம் பதிவாகியிருக்கிறது. நான் அதைப் பலமுறை பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். காக்ரேன் வெள்ளை. முதல் நகர்வில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்கிறது. மகேஷ் சந்திரர் சிப்பாயால் எதிர்கொள்ளவில்லை. குதிரையை வெளியே எடுக்கிறார். வெள்ளை இன்னொரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. இவர் ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறார். வெள்ளை குதிரையை எடுக்கிறது. அப்போது இவர் நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சி வெள்ளையின் நடுவை முட்டுகிறார். பிறகு மந்திரி மூலைக்குப் போகிறார், ராஜா கோட்டைக்குள் போகிறார். நடுவில் சிப்பாய்களும் குதிரைகளும் வெட்டுப்பட்ட பிறகு, பக்கத்துச் சிப்பாயும் இரண்டு கட்டம் பாய்ந்து வெள்ளையின் நடுவை மறுபடி தாக்குகிறது.

செஸ் ஆடுபவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. இதன் பெயர் குருன்ஃபெல்ட் தடுப்பு. வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் 1922இல் இதைப் போட்டிகளில் ஆடியதால் அவர் பெயர் வந்தது. 1956இல் 13 வயது பாபி ஃபிஷர் நியூயார்க்கில் டொனால்ட் பைர்னை வீழ்த்திய, நூற்றாண்டின் ஆட்டம் என்று கொண்டாடப்படும் ஆட்டமும் இந்த வகைதான். பிற்காலத்தில் காஸ்பரோவ் கையில் இது பெரிய ஆயுதமானது. குருன்ஃபெல்ட் ஆடுவதற்கு 67 ஆண்டுகளுக்கு முன், கல்கத்தாவில் ஒரு வங்காளக் கிராமத்துக்காரர் ஆடிய ஆட்டம் இது.

அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். இதை மறைக்கக் கூடாது. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடு ஆட்டத்தில் காக்ரேனின் குதிரை உள்ளே புகுந்து, ராஜாவுக்கு அருகில் நின்ற சிப்பாயை வெட்டியது. அந்தக் குதிரையை விரட்டாமல் மகேஷ் சந்திரர் தன் குதிரையைப் பலகையின் ஓரத்துக்குத் தாவவிட்டு வெள்ளை ராணியைத் தாக்கினார். அதன் பிறகு மூன்றே நகர்வில் முற்று. வெள்ளை தன் ராணியையே பலிகொடுத்து, கறுப்பு யானையை ராஜாவின் பக்கத்தில் கொண்டுவந்து அடைக்கவைத்து, ஒற்றைக் குதிரையால் முற்று கொடுக்கும் பழைய உத்தி. ராஜா நகர இடமில்லாமல் சொந்தக் காய்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. நானும் இரவு பதினொன்றரைக்கு இதே முறையில் எத்தனையோ முறை மாட்டியிருக்கிறேன் என்பதால், அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் தனிப் பாசம் வரும்.

1920களில் நிம்சோவிட்ச், ரெட்டி, டார்டகோவர் போன்றவர்கள் ஐரோப்பாவில் ஒரு புதிய பள்ளியைத் தொடங்கினார்கள். நடுவைச் சிப்பாய்களால் நிரப்ப வேண்டியதில்லை, தூரத்திலிருந்து காய்களால் கட்டுப்படுத்தினால் போதும் என்றார்கள். அதற்கு நூல்கள் எழுதினார்கள். நிம்சோவிட்சின் முக்கியமான நூல் 1925இல் வந்தது. இந்தவகைத் தொடக்கங்களுக்கெல்லாம் 'இந்திய' என்ற அடைமொழி நிலைத்தது: ராஜா இந்தியத் தடுப்பு, ராணி இந்தியத் தடுப்பு, நிம்சோ இந்தியத் தடுப்பு. காக்ரேனுக்கும் நிம்சோவிட்சுக்கும் குருன்ஃபெல்டுக்கும் தனிப் பெயர் கிடைத்தது. மகேஷ் சந்திரருக்கு ஒரு நாட்டின் பெயர் கிடைத்தது.

1934இல் பிரிட்டிஷ் செஸ்ஸின் நூற்றாண்டு வரலாற்றை எழுதிய பி. டபிள்யூ. சார்ஜெண்ட் இதற்கான நன்றியைச் சொல்லவே செய்கிறார். இந்தத் தடுப்புகளை ஐரோப்பியர்கள் மகேஷ் சந்திரர் போன்ற இந்தியர்களைப் பார்த்துத்தான் கற்றார்கள் என்கிறார். அதோடு, மூலை மந்திரி என்பது அவர்களுக்குத் தங்கள் ஆட்டத்திலிருந்து இயல்பாக வந்த சொத்து என்றும் சொல்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். முதலில் படித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு மறுபடி படித்தேன், பெருமை குறைந்துவிட்டது. ரெட்டி மந்திரியை மூலையில் வைத்தால் அது சிந்தனை, மகேஷ் சந்திரர் வைத்தால் அது இயல்பு. அவருக்கும் கை தானாகத்தான் போனதா?

1855ஆம் ஆண்டு ஆட்டம் அப்படிச் சொல்லவில்லை. குதிரைச் சிப்பாய் ஒரு கட்டம் போனது நாட்டு ஆட்டத்தில் செல்லும் நகர்வுதான், மந்திரி மூலைக்குப் போனதும் அப்படியே. ஆனால் நடுச் சிப்பாய் ஒரே வீச்சில் இரண்டு கட்டம் பாய்ந்தது நாட்டு ஆட்டத்தில் நடக்கவே முடியாத நகர்வு. பக்கத்துச் சிப்பாய் பாய்ந்ததும் அப்படித்தான். ராஜா கோட்டைக்குள் போனதும் ஐரோப்பிய விதி. பழக்கம் மட்டுமே அவரை நடத்தியிருந்தால் அவர் சிப்பாய்களை ஒரு கட்டம் ஒரு கட்டமாகத் தள்ளிக்கொண்டு உள்ளேயே இருந்திருப்பார். மூலை மந்திரியை அவர் பழைய வீட்டிலிருந்து எடுத்துவந்தார். இரண்டு கட்டப் பாய்ச்சலைப் புதிய வீட்டில் கற்றார். நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்துகொண்ட விதியை, தன் பழைய ஏற்பாட்டோடு பொருத்தி, அதுவரை ஐரோப்பியப் புத்தகங்கள் பொருட்படுத்தாத ஒன்றை ஆக்கியிருக்கிறார். இதற்குச் சிந்தனை என்றுதான் பெயர்.

அவர் தன் ஆட்டத்தைப் பற்றி எழுதிய வரி ஒன்றுகூட நம் கையில் இல்லை. நமக்கு இருப்பவை இங்கிலாந்துப் பத்திரிகைகள் அச்சிட்ட ஆட்டங்களும், சங்கத்துக்காரர் எழுதிய கடிதமும்தான். அதாவது எதிர்த்தரப்பின் பதிவு. ஆனால் செஸ்ஸில் ஒரு வசதி உண்டு. நகர்வுகள் மிஞ்சினால், பேசாதவனின் வாதமும் கொஞ்சம் மிஞ்சும்.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் உண்டு. பஞ்சாபின் சர்கோதா பகுதியைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவர். நிலப்பிரபு உமர் ஹயாத் கானின் ஆதரவில், 1920களின் நடுவில்தான் ஐரோப்பிய விதிகளைப் பயின்றார். 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸில் காப்பபிளாங்காவையே வீழ்த்தினார். ஐரோப்பியத் தொடக்க நூல்களைப் படிக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அதனால் அவரது தொடக்கங்கள் பல சமயம் பின்தங்கியே இருந்தன. நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அதை ஈடுசெய்தார். 1933இல் ஊர் திரும்பியவர் பெரிய போட்டிகளுக்கு வரவே இல்லை. 1966இல் இறந்தார். உலக செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல். அவரையும் பல எழுத்தாளர்கள் 'பிறவி மேதை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பிறவி மேதை என்று சொல்லிவிட்டால் அவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டார் என்று கேட்க வேண்டியதில்லை.

நாட்டு ஆட்டம் முடிந்துபோன கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் போர்டிஷையும் ஊல்மனையும் வென்றார். ஒன்பது முறை தேசிய சாம்பியன். அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் ஊர் விதிகளே புழக்கத்தில் இருந்தன. சர்வதேச விதிகளைப் பரப்பியதிலும், தொடக்கங்களை நூல் பார்த்துப் படிக்க வேண்டும் என்று இளைஞர்களை வற்புறுத்தியதிலும் அவருக்கு முதன்மையான இடம் உண்டு. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972இல் தொடங்கிய தால் செஸ் சங்கம் அந்த முயற்சியின் விளைவு. சிறுவன் ஆனந்த் அங்கேதான் மின்னல் வேக ஆட்டங்களில் பழகினார். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பிறகு உலக சாம்பியன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனதுவரை அந்த வரிசை நீள்கிறது.

ஆரோன் செய்தது சரி. ஒரு நாடே தனி விதியில் ஆடிக்கொண்டிருந்தால் உலகத்தோடு ஆட முடியாது. ஆனால் என் அப்பா அந்தப் பக்கம் வரவில்லை. நான் சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது சர்வதேச விதிகளைக் கற்றுக்கொண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். முதல் நகர்விலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் அதைத் திருப்பி ஒரு கட்டத்தில் வைத்தார். நான் மறுபடி இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தி, "இப்ப எல்லா இடத்துலயும் இப்படித்தாம்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தை என் விதிப்படியே ஆடித் தோற்றார். அதன் பிறகு என்னோடு ஆட உட்காரவில்லை. கூப்பிட்டால் "நீ புதுசு ஆடுறவன்" என்று சிரித்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. நாட்டு ஆட்டத்தில் நான் அவரிடம் தோற்ற எந்த ஆட்டத்துக்கும் பதிவு இல்லை.

என்னுடைய 11,000 ஆட்டங்களுக்கும் பதிவு இருக்கிறது. இணையத்தில் நேருக்கு நேர் செஸ் ஆடும் முதல் பெரிய சேவையகம் 1992 ஜனவரியில் அமெரிக்காவில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் தூரத்து எதிராளியோடு ஆட வேண்டுமானால் தபால்தான். 1824இல் லண்டன் சங்கமும் எடின்பரோ சங்கமும் கடிதம் வழியே தொடங்கிய போட்டி முடிய 1828 ஆனது. நான்கு ஆண்டுகள் எங்கே, மூன்று நிமிடங்கள் எங்கே. ஒவ்வொரு நகர்வும், அதற்கு எடுத்துக்கொண்ட நேரமும் சேமிப்பில் இருக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் கணினி அலசிப் பார்த்து என் மூலை மந்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போடுகிறது: சரியில்லை. சில சமயம் அது சொல்வது உண்மைதான். எதிராளி எதை ஆடுகிறார் என்று பார்க்காமலே வைக்கிறேன். மகேஷ் சந்திரர் பார்த்து வைத்தார். எனக்கும் அவருக்கும் இருக்கும் வித்தியாசம் அது.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். 1855ஆம் ஆண்டு ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டினேன். கடைசிக் குதிரை முற்றைப் பார்த்து "ஐயோ" என்றாள். பிறகு தாத்தாவின் விதிகளைக் கேட்டாள். கணினி அந்த விதிகளை ஏற்காது என்பதால் மரப் பலகையை எடுத்தோம். சிப்பாய் ஒரு கட்டம், ராஜாவுக்கு ஒரு குதிரைத் தாவல், கோட்டை கிடையாது. அவளுக்கு வெள்ளை.

அவள் வழக்கமாக நடுச் சிப்பாயைப் பாயவிட்டு ஆடுபவள். என் மூலை மந்திரியைக் கிண்டல் செய்பவள். அன்று நடுச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு நிறுத்தினாள். பலகையைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் கடிகாரம் வைக்காமல் ஆடிய முதல் ஆட்டம் அது என்று நினைக்கிறேன். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நிமிடம் யோசித்துவிட்டு, குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். அடுத்த முறை மந்திரி மூலைக்குப் போய்விட்டது.

"இங்க வேற என்ன பண்றதுன்னு தெரியல. யோசிச்சா இதுதான் வருது" என்றாள்.

ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று நான் ஜெயித்தேன். போன வாரம் அவள் ஜெயித்தாள். இரண்டு ஆட்டங்களையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.